மீட்டர் ஓடத் தொடங்கும் நொடி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேரனின் காதணி விழாவுக்கு வர முடியாமல் போனது இன்னும் மனத்தை உறுத்துகிறது. சரோஜாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறாள்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய்: "எஸ்டிடி பூத்தில் எதிர்முனையில் எடுத்தால்தான் மீட்டர் ஓடும். கைபேசியில் மீட்டரே இல்லையே, எடுத்தது யாருக்குத் தெரிகிறது?" இத்தனை ஆண்டு பூத்தில் உட்கார்ந்த நீ கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்! அன்று எதிர்முனையில் எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் உன் லைனின் பிளஸ், மைனஸை மாற்றிப் போடும். அதைக் கண்டுகொண்டுதான் மீட்டரின் சிவப்பு எண்கள் நகரும். இன்று அந்த வேலையை ஒரு செய்தி செய்கிறது.

பேச்சு போகும் பாதை வேறு. அதை ஏற்பாடு செய்யும் செய்திகள் போகும் பாதை வேறு. இந்தச் செய்திப் போக்குவரத்தைத்தான் சிக்னலிங் என்கிறோம். போன வாரம் எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு வோல்ட்டி அழைப்பை, அதாவது 4ஜி வழியே பேசும் அழைப்பை, திரையில் வரிவரியாகப் பார்த்தேன். முதலில் 'இன்வைட்' போனது. மறுமுனையில் மணி அடித்ததும் '180' வந்தது. எடுத்ததும் '200 ஓகே'. பேசி முடித்து வைத்ததும் 'பை'. காசெல்லாம் அந்த 200-க்கும் 'பை'க்கும் இடைப்பட்ட நேரத்துக்குத்தான். பழைய 2ஜியிலும் இதே ஒழுங்குதான், செய்திகளின் பெயர்தான் வேறு.

பிரீபெய்டு என்றால், மணி அடிக்கும் முன்பே கட்டணக் கணக்கு பார்க்கும் சார்ஜிங் கணினியிடம் நெட்வொர்க் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அது கணக்கில் இருப்பதிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கிவைக்கும். தீர்ந்தால் அடுத்த பங்கு. அழைப்பு முடிந்ததும் மிச்சம் கணக்குக்கே திரும்பிவிடும். தெரியாத ஆளிடம் நீ முன்பணம் வாங்கிவைத்துக்கொண்டு, பேசி முடித்ததும் சில்லறை எண்ணிக் கொடுப்பாயே, அதேதான். யாரும் எடுக்காவிட்டால் ஒதுக்கியது முழுவதும் திரும்பும். இப்போது மாதத் திட்டத்தில் பேசுவதால் நொடிக்கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் அழைப்புக்கு அழைப்பு பதிவு எழுதப்படுகிறது.

மிஸ்டு கால் இலவசமானது இப்படித்தான். ஆனால் அதற்குள்ளும் பணம் புகுந்தது. 2019-இல், அழைப்பவரின் நிறுவனம் எதிர் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டியிருந்தது. மணியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால், எடுக்க முடியாதவர் திருப்பி அழைப்பார். 6 பைசா திசை மாறிவிடும். அதனால் மணி அடிக்கும் நேரம் 25 நொடிக்குச் சுருங்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, கைபேசிக்கு 30 நொடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 நொடி என்று விதித்தது. அந்த 6 பைசாவும் 2021 ஜனவரி 1 முதல் ஒழிந்தது.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மா கிணற்றடியிலிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, நிலையைப் பிடித்துப் படியேறி, மாடத்தில் இருக்கும் கைபேசியிடம் வந்து சேர்வதற்குள் மணி நின்றுவிடும். இன்னொரு 5 நொடி இருந்தால் எடுத்திருப்பாள்.

ஞாயிறு காலை அழைக்கிறேன். தோட்டத்தில் இருந்தால் அரக்கப்பரக்க ஓடி வராதே. நீ எடுக்கும்வரை மறுபடி மறுபடி அடிக்கிறேன்.

உன்,
சேகர்