46 சவப்பெட்டிகள்: வரலாற்றுக் காணொலி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாற்றுக் காணொலி செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். இடைக்கால இங்கிலாந்து நகரங்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் வெளியிட்ட காணொலி குறித்து எழுதுகிறேன். எது என்று உங்களுக்கே தெரியும்.

லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பேச்சுப் போட்டிக்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் உங்கள் காணொலியை நம்பித் தயாராகி வந்தாள். கையில் பெரிய அட்டை. அதில் கறுப்பு மையில் 46 சவப்பெட்டிகள், பெட்டிக்குப் பத்தாயிரம் பேர். 1377-இல் சுமார் 13.6 லட்சமாக இருந்த இங்கிலாந்தின் மக்கள்தொகை 1381-இல் சுமார் 9 லட்சமாகக் குறைந்ததாம். நாலே வருடத்தில் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனதாம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்திருக்கிறாள்.

அது மக்கள்தொகையே இல்லை, நண்பர்களே. தலைவரி கட்டியவர்களின் எண்ணிக்கை. 1377-இல் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களைத் தவிர, 14 வயது நிறைந்த எல்லோரும் தலைக்கு 4 பென்ஸ் கட்டினார்கள். குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லை. பாதிரியார்களுக்குத் தனிக் கணக்கு. 1381-இல் அதே வரி தலைக்கு 12 பென்ஸ் என்று மூன்று மடங்கானது. வயது வரம்பை 15 ஆக்கியது சின்னக் காரணம்தான். பெரிய காரணம், ஜனங்கள் பதுங்கினார்கள். கல்யாணமாகாத தங்கை, விதவைத் தாய் என்று வீட்டிலிருந்த பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போயின. அரசாங்கமே அந்தப் பட்டியலை நம்பாமல் மறுபடி விசாரிக்க ஆள் அனுப்பியது. அதில்தான் எசெக்ஸில் கலகம் வெடித்து, ஜூன் மாதம் லண்டனுக்குள்ளேயே புகுந்தது. ஆக, நீங்கள் பெட்டியில் போட்டு ஆணி அடித்தவர்களில் பெரும்பாலோர் வரிக்காரனுக்குப் பயந்து ஒளிந்திருந்தவர்கள். உண்மையிலேயே பெட்டி வரைய வேண்டிய வருடங்கள் 1348-ம் 1349-ம். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஜனங்கள் கொள்ளைநோயில் செத்த அந்தக் காலத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். எண்ணைச் சொன்னால், அதில் யாரை எண்ணினார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1377-இல் லண்டனின் மக்கள்தொகை என்று நீங்கள் சொல்லும் 23,314-ம் இதே கதைதான். குழந்தைகளையும் விடுபட்டவர்களையும் சேர்த்தால் 35,000-லிருந்து 45,000 வரை போகும் என்று கணிக்கிறார்கள். கூடவே "வரி கட்டியவர்கள்" என்று இரண்டு சொல் போட்டிருந்தால் காணொலியின் நீளம் ஏறியிருக்குமா?

அப்புறம் அந்தச் சாக்கடைக் காட்சி. ஊரே நாறியது, கேட்க நாதியில்லை என்கிறீர்கள். நாறியது உண்மை. கேட்க ஆள் இருந்தது. 1314-இல் லண்டனில் ஆலிஸ் வேட் என்ற பெண் தன் வீட்டுக் கழிப்பிடத்திலிருந்து மரக்குழாய் போட்டு, மழைநீர் ஓடும் கால்வாயில் இணைத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் மேயர், ஆல்டர்மன்கள் (நகர மன்ற மூத்த உறுப்பினர்கள்) முன் புகார் செய்தார்கள். 40 நாளுக்குள் குழாயை எடு என்று உத்தரவானது. இன்றைக்கு எத்தனை ஊர்களில் சாக்கடைப் புகாருக்கு 40 நாளில் ஒரு பதிலாவது வருகிறது? கெடுவே கொடுத்தார்கள் அங்கே! ஆனால் இதையெல்லாம் சொன்னால் பின்னணி இசைக்கு இடமிருக்காது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். தமிழில் இதையெல்லாம் செய்ய ஆள் குறைவு என்பதும் தெரியும். அதனால்தான் தயவுசெய்து கேட்கிறேன்: காணொலியின் தொடக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த காணொலியிலாவது, எண்ணோடு அதில் எண்ணப்பட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விஷயத்தை நான் விளக்கியதும் அந்தப் பெண் அழவில்லை. அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இவங்க எல்லாம் எங்க ஒளிஞ்சிருந்தாங்க மிஸ்?" என்று கேட்டாள். அட்டை இன்னும் என் வகுப்பு அலமாரியில்தான் இருக்கிறது. திருத்தம் போட்டதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவளுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சனிக்கிழமை ஆசிரியை