கயலுக்கு: ஒசாகாவா, தோக்கியோவா?

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு சிங்கப்பூரில் அனைவரும் நலம். ஜனவரியில் வந்து எங்களோடு பொங்கல் வைத்துவிட்டு, பிள்ளைகளை அப்படியே ஜப்பானுக்கு அழைத்துப் போவதாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளைக்கு ஒசாகா யூனிவர்சல் பிடிக்கும், உனக்குத் தோக்கியோ டிஸ்னிசீ பிடிக்கும், இந்த இரண்டு கேளிக்கைப் பூங்காக்களில் எது நல்ல பார்க் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு இணையத்தில் ஆயிரம் பேர் சண்டை போடுவார்கள். உனக்கு வேண்டியது வேறு: கவினும் நிலாவும் எத்தனை செண்டிமீட்டர் உயரம், எந்தக் கிழமை போகிறீர்கள், மாப்பிள்ளை எவ்வளவு நேரம் வரிசையில் நிற்பார். இந்த மூன்றும் தெரிந்தால் பார்க் தானாகவே முடிவாகிவிடும்.

இரண்டும் ஒரே ஆண்டில் திறந்தவை. ஒசாகா யூனிவர்சல் 2001 மார்ச் 31, டிஸ்னிசீ அதே ஆண்டு செப்டம்பர் 4. ரசிகர்கள் எதிர்பார்ப்பது மட்டும் ஆரம்பம் முதலே வேறு. டிஸ்னிக்குப் போகிறவர்கள் இடத்துக்காகப் போகிறார்கள். டிஸ்னிசீயில் எரிமலை நடுவில் நிற்கும், அதைச் சுற்றித் துறைமுகங்கள். ஒரு சவாரியும் ஏறாமல் நடந்துகொண்டே இருந்தாலும் அவர்களுக்கு நாள் வீணாகாது. தரை சுத்தமாக இருக்கவேண்டும், ஊழியர் முகம் சுளிக்கக்கூடாது, பருவத்துக்கு ஏற்ற அலங்காரமும் பாப்கார்ன் வாளியும் மாறவேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் மனம் நொந்துபோவார்கள். தோக்கியோவில் அந்தத் தரம் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. டிஸ்னிசீ, டிஸ்னிலேண்ட் என்ற அங்குள்ள இரண்டு பார்க்குகளின் உரிமையாளர் டிஸ்னி அல்ல. உரிமம் பெற்று நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். எங்கே செலவு செய்யலாம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

யூனிவர்சலுக்குப் போகிறவர்கள் புதிய சவாரிக்காகப் போவார்கள். ஹாரி பாட்டர் வந்த பிறகு அதுவும் மாறிவிட்டது. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2010இலும் ஒசாகாவில் 2014 ஜூலையிலும் அந்தப் பகுதி திறந்த பிறகு, "சவாரி மட்டும் போதாது, படத்துக்குள் நுழைந்தது போல இருக்கவேண்டும்" என்று யூனிவர்சல் ரசிகர்களும் கேட்கத் தொடங்கினார்கள். 2021 மார்ச்சில் ஒசாகாவில் மாரியோ வீடியோ விளையாட்டுகளின் நிண்டெண்டோ உலகம், 2024 டிசம்பரில் அதை ஒட்டி டாங்கி காங் பகுதி, 2025 மே மாதம் ஆர்லாண்டோவில் எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பார்க் என்று எல்லாமே அந்த எதிர்பார்ப்பின் வழியில் வந்தவை. நம் செந்தோசாவிலுள்ள யூனிவர்சல் பார்க்கைப் பார்த்து இங்குள்ள ரசிகர்கள் குறைபட்டுக்கொள்வதும் அதனால்தான். ஒசாகாவில் இருப்பது இங்கே இல்லையே என்பது அவர்கள் வருத்தம். சுமார் 20 ஹெக்டர்தான் இந்த இடம் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரி உலகிலேயே முதலில் திறந்தது இங்கேதான், 2011 டிசம்பரில். ஹாலிவுட்டுக்கு அடுத்த ஆண்டுதான் போனது.

இனி உயரம். கவின் 127, நிலா 104 என்று எழுதியிருந்தாய். அதை வைத்துப் பார்த்தேன்.

ஒசாகாவில் மாப்பிள்ளை ஆசைப்படும் இரண்டு பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கும், அதாவது ஃபிளையிங் டைனோசருக்கும் ஹாலிவுட் டிரீமுக்கும், குறைந்தது 132 செண்டிமீட்டர் வேண்டும். கவினால் ஏற முடியாது. ஹாரி பாட்டரின் பெரிய சவாரிக்கு 122, அதில் அவன் ஏறலாம். மாரியோ கார்ட்டுக்குப் பெரியவர் துணையோடு 107. நிலாவுக்கு மூன்று செண்டிமீட்டர் குறைகிறது, கயல். அவள் இப்போதே மாரியோ தொப்பி கேட்கிறாள் என்றாய். வாசல் வரை போய்த் திரும்பினால் அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார். யோஷி சவாரிக்குத் துணையோடு 92 போதும், அது ஒன்றுதான் நிண்டெண்டோ உலகத்தில் அவளுக்கு.

டிஸ்னிசீயில் டவர் ஆஃப் டெரர், சோரிங், பீட்டர் பான் மூன்றுக்கும் 102. நிலாவே ஏறலாம், ஆனால் டவர் வேண்டாம், இருட்டில் விழும். பூமியின் நடுவுக்குப் போகும் சவாரிக்கும் இண்டியானா ஜோன்ஸுக்கும் 117. கவினுக்கு அவை இரண்டும் போதும், அவன் வயதுக்கு நல்ல வேகம். 2024 ஜூனில் திறந்த ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ் பகுதியில் டிஸ்னி படங்களில் வரும் எல்சாவும் ரபன்சலும் இருக்கிறார்கள், இரண்டும் படகுச் சவாரிகள், நிலாவுக்காகவே கட்டியது போல இருக்கும். ஆகவே இந்த முறை தோக்கியோவுக்கு இரண்டு நாள், ஒசாகாவுக்கு ஒரு நாள். கவின் 132 தொட்ட பிறகு ஒசாகாவுக்குத் தனியாக ஒரு பயணம் போகலாம்.

உயரத்தை மாலையில் அள. காலையில் அளந்தால் ஒரு செண்டிமீட்டர் வரை கூடுதலாகக் காட்டும். ஷூவுக்குள் எதையாவது வைத்து உயரம் கூட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. மடியை அழுத்தும் கம்பியும் தோள் பூட்டும் உடம்பின் அளவைப் பார்த்து வடிவமைத்தவை. குள்ளமான பிள்ளைக்கு அந்தப் பூட்டு இடுப்பில் உட்காராமல் வயிற்றில் உட்காரும்.

வரிசை ஏன் நகர மாட்டேன் என்கிறது என்பதை மாப்பிள்ளைக்குப் புரியவைத்துவிடு, பாதிக் கோபம் தீர்ந்துவிடும். ஒரு கோஸ்டர் வண்டியில் 24 இருக்கை, நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொள். மணிக்கு 1,440 பேர். பையை எங்கே வைப்பது என்று ஒருவர் தடுமாறி, இன்னொருவர் பெல்ட்டைத் தேடி, வண்டி 90 விநாடிக்கு ஒன்றாகக் கிளம்பினால் அதே சவாரி 960 பேரைத்தான் ஏற்றும். கூட்டம் குறைவு என்று ஒரு வண்டியைக் கழற்றி வைத்தாலும் இதே கதி. நம் செந்தோசாவின் பேட்டில்ஸ்டார் இரட்டைக் கோஸ்டரை 2013இல் நிறுத்தி 2015இல் திறந்தபோது, நான்கு பேர் உட்காரும் இருக்கை வண்டிகளுக்குப் பதில் இரண்டு பேர் வண்டிகள் வந்தன. பாதை அதேதான், ஒரு வரிசையில் ஏறுகிறவர் எண்ணிக்கை பாதியானது.

கூடுதல் பணம் கட்டிக் குறுகிய வரிசையில் போகும் எக்ஸ்பிரஸ் சீட்டுக்காரர்களும் அதே இருக்கைகளில்தான் உட்காருகிறார்கள். அந்த 1,440இல் 700 இடம் எக்ஸ்பிரஸுக்குப் போனால் சாதாரண வரிசைக்கு 740தான் மிச்சம். முன்னால் 1,480 பேர் நின்றால் உங்களுக்கு இரண்டு மணி நேரம். அதனால் ஒசாகாவில் எக்ஸ்பிரஸ் வாங்காமல் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்கு சவாரித் தொகுப்பு போதும், ஏழு வேண்டாம். நுழைவுச் சீட்டு தனி, எக்ஸ்பிரஸ் தனி, இரண்டும் வேண்டும். கூட்ட நாளில் எக்ஸ்பிரஸ் விலை நுழைவுச் சீட்டைவிட அதிகமாகக்கூட இருக்கும். தொகுப்பில் நிண்டெண்டோ சவாரி ஒன்று இருந்தால் அந்தப் பகுதிக்குள் போகும் நேரமும் அதிலேயே குறித்திருக்கும். இல்லாவிட்டால் பார்க்குக்குள் நுழைந்த பிறகு செயலியில் நேரச் சீட்டு எடுக்கவேண்டும், அது காலையிலேயே தீர்ந்துவிடக்கூடும். நிண்டெண்டோ உலகத்தில் பெட்டிகளைக் குத்தி விளையாடக் கையில் கட்டும் பட்டை தனி விலை. அந்தப் பட்டையைக் கட்டி விளையாடி மூன்று சாவி சேர்த்தால்தான் கடைசி விளையாட்டுக்கு விடுவார்கள், கவினுக்கு ஒரு பட்டை கட்டாயம் வாங்கிக் கொடு. ஒசாகாவில் அறிவித்த நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிடுவது வழக்கம், ஒரு மணி நேரம் முன்னதாக வாசலில் நில்லுங்கள்.

ஒசாகாவில் சாதாரணச் சீட்டோடு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். தோக்கியோவில் கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போய் வரலாம், வெளியே உட்கார்ந்து சாப்பிட இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டிய சோற்றை உள்ளே கொண்டுபோக இரண்டு இடத்திலும் அனுமதி இல்லை. நீ சைவம் என்பதால் சொல்கிறேன், ஜப்பானில் சூப், சாஸ், நூடுல்ஸ் எதிலும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும், இறைச்சி இல்லை என்றால் சைவம் என்று அர்த்தமில்லை. தோக்கியோவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் மதியம் வெளியே சாப்பிட்டுவிட்டு உள்ளே திரும்புங்கள். ஒசாகாவில் காலையில் விடுதியிலேயே வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பவேண்டும்.

சவாரி திடீரென்று நின்றால் பயப்படவேண்டாம். கோஸ்டர் பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள், ஒரு துண்டில் ஒரு வண்டிதான் இருக்கலாம். வண்டி எங்கே இருக்கிறது என்று உணரி ஒன்று சரியாகச் சொல்லவில்லை என்றால் எல்லா வண்டிகளும் பிரேக்கிலோ ஏற்றத்திலோ நின்றுவிடும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். பிறகு பராமரிப்பு ஆட்கள் நேரில் பார்த்து, வெறும் வண்டியை ஓட்டிச் சோதித்து, அதன் பின்தான் ஆளை ஏற்றுவார்கள். பத்து நிமிடத்தில் முடியாது. வரிசையின் பின்பாதியில் இருந்தால் வெளியே வந்து வேறு சவாரிக்குப் போய்விடு, முன்பாதியில் இருந்தால் பொறுத்திரு.

நிலா ஏற முடியாத சவாரிக்கு நீங்கள் இருவரும் தனித்தனியாக இரண்டு முறை வரிசையில் நிற்கவேண்டியதில்லை. ஒருவர் குழந்தையோடு காத்திருக்க, மற்றவர் ஏறி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாப் பெரிய பார்க்கிலும் இந்த ஏற்பாடு உண்டு. வரிசையின் வாசலிலேயே ஊழியரிடம் சொல்லவேண்டும். ஏறும் இடம் வரை போய்ச் சொன்னால் சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். ஒசாகாவில் இன்னொரு வழியும் இருக்கிறது. மாப்பிள்ளையும் கவினும் பார்க்கில் இருக்கட்டும், நீயும் நிலாவும் யூனிவர்சல் படகுத்துறையிலிருந்து படகு ஏறினால் பத்து நிமிடத்தில் கையூகான் மீன் காட்சியகம். அங்கே திமிங்கலச் சுறா இருக்கிறது. எக்ஸ்பிரஸ் செலவும் இரண்டு பேருக்கு மிச்சம்.

தேதிதான் எல்லாவற்றிலும் முக்கியம். டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் வாரமும் ஜப்பானில் கூட்டம் நெரியும். ஜனவரி இரண்டாம் திங்கள் அங்கே விடுமுறை, தோக்கியோ டிஸ்னிலேண்டில் இருபது வயதுப் பிள்ளைகள் கிமோனோ கட்டி விழாவுக்கே வருவார்கள். அதற்கு அடுத்த வாரம், செவ்வாய் முதல் வியாழன் வரை, அமைதியான நாட்கள். பொங்கலும் முடிந்திருக்கும், உங்கள் மெல்பர்னில் பள்ளி திறக்கவும் நாள் இருக்கும். ஒரே குறை, கூட்டம் குறையும் அந்த நாட்களில்தான் சில சவாரிகளைப் பராமரிப்புக்கு மூடுவார்கள். எவை எந்த நாள் மூடியிருக்கும் என்று தோக்கியோ பார்க்கின் தளத்தில் முன்கூட்டியே போடுவார்கள், பார்த்துவிட்டு நாளைக் குறி. டிஸ்னிசீ கடலோரம், இரவில் காற்று எலும்பைத் துளைக்கும், காற்று பலமாக இருந்தால் நீர் மேல் நடக்கும் காட்சியை ரத்து செய்துவிடுவார்கள். நிலாவுக்குக் குளிர் தாங்காவிட்டால் மெர்மெய்ட் லகூனின் உள்பகுதிக்குப் போய்விடுங்கள், அது முழுக்கக் கூரைக்குள்.

ஹாங்காங் டிஸ்னிலேண்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே எல்சா வரும் ஃப்ரோசன் படத்தின் உலகம் 2023 நவம்பரில் திறந்தது, மிஸ்டிக் மேனர் வேறெங்கும் இல்லாத அருமையான சவாரி. சின்னப் பார்க், ஒரு நாள் போதும். தோக்கியோ போகிற ஆண்டில் அது வேண்டாம்.

ஜப்பான் கிளம்பும் முன் ஒரு வார நாளில் இங்கே செந்தோசாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். இங்கு பள்ளி திறந்திருக்கும், வரிசை குறைவு. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, இருவரும் ஏறலாம். நிலா அந்த இருட்டையும் சத்தத்தையும் தாங்குகிறாளா என்று அங்கேயே தெரிந்துவிடும், தோக்கியோவில் எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்யலாம். மம்மி கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டாருக்கு 125, கவினுக்கு இரண்டும் சரி. ஜனவரியில் மழை உண்டு, இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வெளியே இருப்பவற்றைக் காலையில் முடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் மம்மியையும் பிற்பகலுக்கு வையுங்கள். மம்மி வரிசையில் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், அதற்கு மேல் காசு. விவோசிட்டி மூன்றாம் மாடியில் ரயில் ஏறலாம், நடைபாலத்தில் நடந்தும் போகலாம், பிள்ளைகளுக்கு நடப்பது பிடிக்கும்.

தோக்கியோ சீட்டு இரண்டு மாதம் முன்னால், ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்கு விற்பனைக்கு வரும். நவம்பரில் உனக்கு அது மாலை 4 மணி. அவர்கள் தளம் சில வெளிநாட்டு வங்கி அட்டைகளை ஏற்காது, அனுமதி பெற்ற பயண முகவர் தளத்தையும் திறந்து வைத்துக்கொள். பார்க்குக்குள் போனதும் நால்வரின் சீட்டையும் ஒரே கைப்பேசியில் சேர்த்துவிடு, பணம் கட்டி வரிசை தவிர்க்கும் சீட்டை அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்துக்கு வாங்க முடியும். முதலில் எல்சா சவாரிக்கு வாங்கு, அதுதான் சீக்கிரம் தீரும்.

ஒசாகா எக்ஸ்பிரஸை மட்டும் இப்போது வாங்கிவிடாதே. டிசம்பர் முதல் வாரம் நிலாவை ஒருமுறை அளந்து எனக்குச் சொல். 107 வந்திருந்தால் நால்வருக்கும் வாங்கலாம், இல்லையென்றால் இருவருக்கு மட்டும்.

அன்புடன்,
அம்மா