வாயிலுள்ள வெண்படலமும் அடங்கிப்போகும் மரபணுவும்

ஆசிரியருக்கு,

புற்றுநோய் என்றாலே மரபணுவின் எழுத்து, அதாவது டீஎன்ஏயின் வரிசை, மாறிவிட்டதாகவே எழுதுகிறார்கள். எழுத்து மாறாமலும் மரபணு அடங்கிப்போகும்.

உடலின் புறத்தையும் உறுப்புகளின் உட்புறத்தையும் போர்த்தும் மேலணிக் கலங்களைப் பிணைத்து வைப்பது ஈ-கட்கெரின் புரதம். புற்றுக் கலத்தில் ஸ்னெயில் என்ற புரதம் ஈஇசட்எச்2 நொதியத்தை ஈ-கட்கெரின் மரபணுவிடம் அழைத்துவர, அது டீஎன்ஏ சுற்றியிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆம் இடத்து லைசின் அமினோ அமிலத்தில் 3 மெத்தில் கூட்டங்களைக் குறிகளாக ஏற்றுகிறது. ஈ-கட்கெரின் உற்பத்தி நின்றுபோகிறது. பிடி தளர்ந்த கலம் நகர்ந்து குருதிக்குள் புகுகிறது. வேறோர் உறுப்பில் குடியேறியபின் பெரும்பாலும் பழைய வடிவுக்கே திரும்புகிறது. இந்த மீள்தன்மை சிகிச்சைக்கு ஒரு தடை. மெத்தில் குறிகள் டீஎன்ஏயின் மீதும் நேரடியாக ஏறி மரபணுவை அடக்கும்; அவற்றைக் குறைக்கும் அசாசிடிடின் மருந்தை நிறுத்தினால் குறிகள் மீண்டும் ஏறக்கூடும்.

வாயின் வெண்படலங்கள் சிலவற்றில், புற்றாகும் முன்பே, கலப்பிரிவுக்குத் தடைபோடும் பி16 மரபணு இப்படி டீஎன்ஏயில் மெத்தில் ஏறி அடங்கியிருக்கிறது. திருகோணமலையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்வோர், சுரண்டியும் போகாத வெண்படலமோ 2 வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால் வலி வரும்வரை காத்திராமல் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் அது வலிப்பதே அரிது.

வாசகர்கள்,
திருகோணமலை