துளை மூடினாலும் பார்வை தெளிய மாதக்கணக்காகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாக்குலா துளைக்கு (விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் விழும் ஓட்டைக்கு) அறுவை செய்துகொண்டவரிடம் பத்தாம் நாளே "எழுத்து தெரிகிறதா?" என்று வீட்டார் கேட்பதும், தெரியவில்லை என்றதும் அறுவை தோற்றது என முடிவுகட்டுவதும் வருத்தமளிக்கிறது. அப்போது கண்ணுக்குள் இருப்பது, துளை மூடுவதற்காக அறுவையில் நிரப்பிய கேஸ். அதன் வழியே கையசைவுக்கு மேல் ஒன்றும் தெரியாது. எஸ்.எஃப்.6 கேஸ் என்றால் சுமார் 2 வாரமும், சி.3 எஃப்.8 என்றால் 6 முதல் 8 வாரமும் தங்கும். அது குறையும்போது மேல்பக்கம் முதலில் வெளிச்சமாகும். தண்ணீர் மட்டம் போன்ற கோடு ஆடியபடி கீழிறங்கி, கடைசியில் சிறு குமிழியாகிக் கரையும்.

பிறகு எடுக்கும், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் துளை மூடியிருக்கலாம். ஆனால் ஒளியுணரும் செல்களின் அடுக்கில் அறுந்த கோடு இன்னும் சேர்ந்திருக்காது. அது சேரப் பல மாதங்கள் பிடிக்கும். ஓராண்டு வரைகூடப் பார்வை முன்னேறுவதுண்டு. நேரான கதவுக் கம்பி வளைந்து தெரிவதும் மெல்லத்தான் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். துளை 400 மைக்ரானை, அதாவது 0.4 மில்லிமீட்டரைத் தாண்டி நாட்பட்டதாக இருந்தால் பலன் குறைவு.

அறுவையின்போது விழித்திரை மேலுள்ள மெல்லிய உள்சவ்வை உரித்த இடத்தில், 1 முதல் 3 மாதங்களில், நரம்பிழைகளின் போக்கிலேயே சிறு பள்ளங்கள் ஸ்கேனில் தோன்றும். மாக்குலாவின் மையமும் பார்வை நரம்பின் பக்கம் இம்மியளவு நகரும். அறிக்கையில் இதைப் பார்த்துப் புது நோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் பார்வையை இது கெடுப்பதில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் முதலில் கண்புரையைச் சந்தேகிக்க வேண்டும். ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இந்த அறுவைக்குப் பின் அது விரைவாக முற்றும்.

கேஸ் இருக்கும்வரை விமானம் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலையை மறந்துவிடுகிறார்கள். பினாங்குக் கொடிமலை 800 மீட்டருக்கு மேல். ரயில் சில நிமிடங்களில் ஏற்றிவிடும். கெந்திங், கேமரன் மலைகள் இன்னும் உயரம். மேலே காற்றழுத்தம் குறைய, குமிழி விரிந்து கண்ணழுத்தம் ஏறும். விழித்திரைக்கு ரத்தம் போகாமல் பார்வையே பறிபோகலாம். பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டியை உடன் அழைத்துச் செல்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வேறு சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ போனாலும் கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு மயக்க வாயுவும் குமிழியை ஊதிப் பெருக்கும்.

தலையை அசைத்தால் ஆடும் கோடு கேஸ்தான். ஆடாமல் ஓரத்திலிருந்து பரவும் கருநிழல், புதிய மின்னல் வெட்டுகள், கடும் வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
கண் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு