கடலூர்க்காரர்களுக்குக் கப்பலிலிருந்து ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சபையாருக்கும், எங்கள் தெருவாருக்கும், வெள்ள நிவாரண முகாமில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அத்தனை பேருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டைக் கழுவி விட்டாயிற்று, கிரைண்டர் மட்டும்தான் போயிற்று என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஃபெஞ்சல் புயல் அடித்ததையும், அதன் பின்னாலேயே தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து வந்ததையும் உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் நின்றவர்கள் நீங்கள். நான் எங்கேயோ ஒரு கடலில், துறைமுகம் துறைமுகமாய்ப் புத்தகங்களோடு போகிற லோகோஸ் ஹோப் ஊழியக் கப்பலின் சமையற்கட்டில், மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றிய தேவனாம்பட்டினம் அண்ணன்மார், மருந்துக்கு அலைந்த நர்ஸ் அக்கா, பொட்டலம் பொட்டலமாகச் சாப்பாடு கொண்டுவந்த பள்ளிவாசல் பாய்மார், வீட்டுக்குள் ஏறிய சேற்றை வாரிக் கொட்டிய நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள், ஆயர் ஐயா, பக்கத்து வீட்டு அத்தை எல்லாருக்கும் என் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதத்தான் போகிறேன்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது எங்கள் தெருமுனை ரீசார்ஜ் கடை அண்ணனுக்காக.

அம்மாவுக்கு போனில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் இரண்டும்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் நிற்பார்கள். அண்ணன் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, எனக்கு வீடியோ கால் போட்டு, போனை அம்மா கையில் நேராகப் பிடிக்கவைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். எனக்கும் அவருக்கும் பழக்கம் அவ்வளவுதான். பேசியதுகூட இல்லை.

வெள்ளம் வந்து ஊரில் கரண்டும் டவரும் போன ராத்திரிகளில் அம்மாவின் நம்பர் 'ஸ்விட்ச் ஆஃப்' என்றே வந்தது. கப்பலில் நெட்டும் விட்டுவிட்டுத்தான் வரும். விடியற்காலை ஷிஃப்டில் ஏப்ரனோடு நிற்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பாப்பா, அம்மா பேசுறேன். நல்லாத்தான் இருக்கேன். ஸ்கூல்ல தங்க வெச்சிருக்காங்க. கிச்சடி குடுத்தாங்க, சாப்பிட்டேன். நீ அழுதுகிட்டு நிக்காத."

முடிந்துவிட்டது என்று நினைக்கையில் இன்னொரு குரல். "தங்கச்சி, ரீசார்ஜ் கடை அண்ணன் பேசுறேன்மா. அம்மா போன் தண்ணியில போயிடுச்சு. இங்க டவர் இல்ல, மெயின் ரோட்டுப் பக்கம் போய்தான் இதை அனுப்பணும். சுகர் மாத்திரை நாளைக்கு வரைக்கும் இருக்கு, அட்டையைப் பார்த்துட்டேன். நாளைக்கும் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறார்! அதைக் கேட்டதும் அடுப்புப் பக்கமே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூட வேலை செய்த கொரியப் பெண்ணுக்கும் பிரேசில் பெண்ணுக்கும் தமிழ் ஒரு சொல் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே இரண்டு பேரும் வந்து கட்டிக்கொண்டார்கள். சொன்னபடி மறுநாளும் அனுப்பினார். புது மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார், தேதி தெரிகிற மாதிரி. அவர் கடைக்குள்ளும் தண்ணீர் ஏறி, வைத்திருந்த போன்கள் வீணாய்ப் போனதை வேறு ஆட்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இங்கே வந்த புதிதில், இந்தக் கப்பலுக்கு முன்னால் இதே ஊழியத்தில் இருந்த பழைய லோகோஸ் கப்பலைப் பற்றிச் சொன்னார்கள். 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் கால்வாயில் பாறையில் ஏறி நின்றுவிட்டது. கப்பல் போயிற்று, ஆனால் ஆண்டவர் கிருபையால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதில் பெரும்பாலும் என் வயதுப் பிள்ளைகள். 'எல்லாரும் பிழைத்தார்கள்' என்ற சேதி வீட்டு வாசலுக்கு வரும்வரை அவர்களைப் பெற்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. நம் கடலூருக்கே 1740ல் சுவீடன்காரரான மிஷனரி கீர்நாந்தர் வந்தபோது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கும்வரை இங்கேதான் ஊழியம் செய்தார். வீட்டுச் சேதி வேண்டுமென்றால் பாய்மரக் கப்பலுக்காக மாதக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய காலம். அவருக்கும் நம் ஊரில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள், கடிதம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்ததையும் ஊழியம் என்றுதான் நான் சொல்வேன்.

இந்தக் கப்பலில் கேப்டன் முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. சுமார் 60 நாடுகளிலிருந்து வந்தவர்களை அவரவர் சபையும் சிநேகிதரும்தான் தாங்குகிறார்கள். எனக்காக மாதாமாதம் காணிக்கை தருகிறவர்களின் பெயர்களை என் வேதாகமத்தின் பின் அட்டையில் எழுதி வைத்து ஜெபிக்கிறேன். அதில் இப்போது அண்ணன் பெயரும் இருக்கிறது. அண்ணா, நீங்கள் கும்பிடுகிற சாமி வேறு என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்காக நான் ஜெபிப்பதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றும் தெரியும்.

துபாய், மஸ்கட் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! ஊருக்கு வந்ததும் உங்கள் கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். சனிக்கிழமைதோறும் அவர்களுக்கெல்லாம் கால் போட்டுக் கொடுப்பது என் வேலை. கர்த்தர் முன்னால் பொருத்தனையாகவே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. இந்த மாதம் ரீசார்ஜுக்கு அம்மாவிடம் நீங்கள் காசு வாங்கவில்லையாம். கடையை மறுபடி எடுத்து நிறுத்த வேண்டிய நேரம் இது. தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி