ஸ்கூல் மாற்றுவதற்கு முன்னால் இதைப் படி

கவிதா கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆறரை வயசாகியும் நிலன் ஒரு வரி படிக்க மாட்டேன் என்கிறான், எதிர் வீட்டுப் பையன் இங்கிலீஷ் பேப்பரைக் கடகடவென்று வாசிக்கிறான், இந்த ஸ்கூலிலோ அவனவன் வேகத்தில் படிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், ஜூனில் வேறு இடத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டாய். போனில் என்றால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2007-இல் எங்கள் பள்ளிக்கு ஏபிஎல் வந்தது ஞாபகம் இருக்கிறதா? செயல்வழிக் கற்றல். மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிக்காரர்கள், ஒரே அறையில் எல்லா வகுப்பும் ஒரே டீச்சருமாக நடக்கும் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை. அதை 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த விஜயகுமார் முதலில் 13 பள்ளிகளில் தொடங்கி, அப்புறம்தான் மாநிலம் முழுக்க வந்தது. பயிற்சியில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டுமாம், சுவரோரம் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகையாம், வருகையைக்கூட அவர்களே பதிந்துகொள்வார்களாம். அப்புறம் டீச்சர் எதற்கு என்று கேட்டவளே நான்தான்.

என் வாயை அடைத்தவன் ஒரு பையன். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு ஆடி பிறக்கும்போதுதான் திரும்புவான். வந்து பார்த்தால் அடுத்த வகுப்பு, அடுத்த புத்தகம், அதிலும் இரண்டு பாடம் ஓடியிருக்கும். அவனுக்கு என்ன புரியும்? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பான், நான் அவனை மக்கு என்று எழுதிவைத்துவிட்டேன். ஏபிஎல் வந்த அடுத்த வருஷம் அதே மாதிரி ஆடியில் வந்தான். பாடங்களைச் சின்னச் சின்னப் படிகளாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டியிருந்த கற்றல் ஏணியில், தான் சூளைக்குப் போகும் முன் நின்ற படியை விரலால் தேடினான், அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். யாரும் அவனைப் பின்தங்கியவன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருந்த ஒவ்வொருவனும் வேறு வேறு படியில் இருந்தான்.

இன்னொன்று. அதே பையன் படம் போட்ட அட்டையில் 'கொக்கு' என்று சரியாகவே வாசிப்பான். படத்தைக் கையால் மறைத்தால் முழிப்பான். எழுத்தைப் பார்த்தே வாசிக்கவில்லை, கொக்கைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்! நாற்பது பேர் கோரஸாகக் கத்தும் வகுப்பில் இது எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. அவன் தடுமாறும்போது விடையைச் சொல்லிவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமானது, அதைப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஆனால் பகல் முழுக்க அப்படி உட்கார்ந்துவிட்டு, ராத்திரி வீட்டில் அல்ஜீப்ராவுக்காக உன்னை ஸ்கேலால் அடித்தவளும் நான்தான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று உன் பாட்டி சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இன்றைக்கும் நீ கணக்கென்றால் பயப்படுகிறாயே, அது அங்கிருந்து வந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்லமாட்டேன். அட்டைகள் கிழிந்தால் மாற்று வராது. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் எட்டாத படியையும் எட்டியதாக டிக் அடித்தோம். ஒரே அட்டையில் ஒரு பிள்ளை மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்க, 'அவன் வேகம் அது' என்று சொல்லிவிட்டு டீ குடித்த டீச்சரையும் பார்த்திருக்கிறேன். அது சோம்பேறித்தனம், அதற்கு ஏபிஎல் என்று பெயர் வைத்தால் ஆகிவிடுமா?

அதனால் நீ ஸ்கூலுக்குப் போய் நிலனின் டீச்சரிடம் மூன்றே மூன்று கேள். இப்போது அவன் எந்த இடத்தில் இருக்கிறான், போன வாரம் தானாக என்ன எடுத்துச் செய்தான், எதில் தடுமாறுகிறான். நோட்டைப் பார்க்காமல் அந்த அம்மா பதில் சொன்னால் பேசாமல் விட்டுவிடு. ஃபின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே ஏழு வயசில்தான். 'வருவான் மேடம், கவலைப்படாதீங்க' என்று மட்டும் சொன்னால் மாற்றிவிடு, ஃபீஸுக்கு நான் தருகிறேன். அதற்கு முன் கண்ணையும் காதையும் ஒருமுறை காட்டிவிடு.

இதையும் கேள். போன லீவில் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, 'அம்மாச்சி, குட்டியா எழுதினது சேலம், நீளமா எழுதினது கள்ளக்குறிச்சி' என்று போர்டைக் காட்டினான். யாரும் சொல்லித்தரவில்லை. படிக்கத் தொடங்கிவிட்டான், உனக்குத்தான் தெரியவில்லை.

மே மாசம் இங்கே அனுப்பு. பழைய அட்டைப் பெட்டி ஒன்று பரண்மேல் கிடக்கிறது, அப்பாவை இறக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். கரையான் தின்றது போக என்ன மிச்சமோ தெரியவில்லை, கொக்கு அட்டை இருந்தால் தேவலை.

அம்மா