ஓணம் ஆஃபர் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வரி

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்,
நொறுக்குத்தீனிப் பிரிவு.

பொருள்: நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டில் நிலக்கடலை எச்சரிக்கையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியது, அதற்கு உங்கள் வாடிக்கையாளர் சேவை அனுப்பிய பதில்.

ஐயா / அம்மையீர்,

இது என் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்கு ஒரு மன்னிப்பு வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வந்தது மருத்துவ ஆலோசனை. அதனால்தான் இந்த முறை சேவைப் பிரிவை விட்டுவிட்டு நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று மாலை இங்கே கடைவீதியில் உங்கள் சிப்ஸ் அரைக் கிலோ பாக்கெட் ஒன்று வாங்கினேன். என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருப்பது இரண்டு வயதிலேயே கோயம்புத்தூரில் தோல் பரிசோதனை செய்து தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கம் படிக்காமல் நான் பையில் போட்டதில்லை. இதையும் படித்தேன். நேந்திரங்காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள்தூள். அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் வட்டமாக ஓணம் ஆஃபர் ஸ்டிக்கர், 20 ரூபாய் குறைவு என்று. சரி, நல்லதுதானே என்று வாங்கி வந்தேன்.

நாலைந்து சிப்ஸ்தான் தின்றிருப்பான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "அம்மா, நாக்கு அரிக்குது" என்றான். உதடு வீங்கியது, கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, ஒரு தடவை வாந்தி எடுத்தான். அப்புறம் குரல் கம்மி, மூச்சு விசில் மாதிரி கேட்க ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்துச் சித்தூருக்கு ஓடினோம் (ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் பக்கத்துச் சித்தூர்). தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு சீரானது. அடங்கியது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பலாம் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

பையில் கிடந்த அந்தப் பாக்கெட்டை எடுத்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். பாதி கிழிந்தது, பசையோடு மீதி வந்தது. அடியில் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் ஒரு வரி: நிலக்கடலை இருக்கலாம். படம் இணைத்திருக்கிறேன்.

மறுநாள் உங்கள் எண்ணுக்குப் போன் செய்து, "சிப்ஸில் கடலை இருக்கிறது" என்றேன். எடுத்த பெண், "அதில் கடல இல்ல சேச்சி, மிக்ஸரில் மாத்திரம்தான்" என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் கடலை என்றால் எங்களுக்கு வேர்க்கடலை. மலையாளத்தில் கடல என்றால் புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை. வேர்க்கடலைக்கு அங்கே 'கப்பலண்டி'. கடையில் நின்றால் அது தன்னால் வந்திருக்கும்; அன்றைய பதற்றத்தில் வாயில் வரவில்லை. ஆனால் எல்லைப்புறத்தில் விற்கிற பொருளுக்கு இந்தக் குழப்பம் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு எழுதிய கடிதத்துக்குத்தான் அந்தப் பதில் வந்தது. "சில உணவுகள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சிறிய அளவில் கொடுத்துப் பழக்கலாம். அலர்ஜி மாத்திரை கைவசம் வைத்திருக்கவும்."

ஒத்துக்கொள்ளாதது வேறு, ஒவ்வாமை வேறு. எங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கிறது, அதனால் சொல்கிறேன். என் மாமியாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாலில் உள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி அவருக்குப் போதாது. அரை டம்ளர் காபி குடித்தால் ஒன்றும் ஆகாது. ஓணத்துக்குப் பால் பாயசம் இரண்டு டம்ளர் குடித்தால் வயிறு உப்பி, சாயங்காலம் வரை கடமுடா. மோர் ஊற்றிச் சாப்பிட்டால் தொல்லையே இல்லை. அவருக்கு உங்கள் ஆலோசனை ஓரளவு பொருந்தும். என் மகன் விஷயம் வேறு. அவன் உடம்பின் எதிர்ப்பு சக்தி, நிலக்கடலையின் புரதத்தை எதிரி என்று எடுத்துக்கொண்டு பாய்கிறது. அதற்குத் துணுக்கு போதும். அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அலர்ஜி மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்குகிற சிகிச்சையும் உண்டு, ஆனால் அது நிபுணர் கண்முன்னே அளந்து கொடுப்பது. சிப்ஸ் கம்பெனி தபாலில் சொல்லிக் கொடுப்பதல்ல.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் கோதுமை மாதிரி குளூட்டன் உள்ள தானியங்கள், இறால்-நண்டு, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் சல்ஃபைட் (கெடாமலிருக்கச் சேர்ப்பது) என்று, ஒவ்வாமை தரக்கூடியவற்றுக்குப் பட்டியலே இருக்கிறது. சேர்த்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். மற்றதிலிருந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தால் 'இருக்கலாம்' என்று போடவும் இடம் உண்டு. நீங்கள் போட்டிருந்தீர்கள், அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். பிறகு நீங்களே அதன் மேல் 20 ரூபாயை ஒட்டினீர்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து எடுங்கள். நேற்றுகூட மூன்று கடைகளில் பார்த்தேன். மசாலா கடலை ஓடுகிற அதே இயந்திரத்தில்தான் சிப்ஸையும் பாக்கெட் போடுகிறீர்களா, நடுவில் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த அச்சில் அந்த வரியை மலையாளத்தில் கப்பலண்டி என்றும் தமிழில் நிலக்கடலை என்றும் சேர்த்துப் போடுங்கள். ஆஸ்பத்திரி பில்லின் நகலும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

15 நாளில் பதில் வராவிட்டால், மீதி சிப்ஸோடு கட்டி வைத்திருக்கும் பாக்கெட்டை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுப்பேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
ஏழு வயதுப் பையனின் அம்மா

பி.கு.: சமாதானத்துக்கு நீங்கள் அனுப்பிய பரிசுப் பெட்டியைத் தனிப் பார்சலில் திருப்பியிருக்கிறேன். முதல் அடுக்கிலேயே கப்பலண்டி மிட்டாய் இருந்தது.